மைக்கேல் ஸ்பென்ஸின் ‘சந்தைச் சமிக்ஞை’ ஆய்வேடு: ஒரு திறனாய்வு

மைக்கேல் ஸ்பென்ஸ் 1972ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, தகவல் பொருளியல் என்னும் துறையின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. வேலை தேடி வருபவரின் திறமையை நேரில் அளந்து பார்க்க முடியாத நிறுவனம், அவருடைய படிப்பைப் பார்த்து எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதே அதன் மையக் கேள்வி. அந்த ஆய்வேட்டைப் பற்றி ஒரு கருத்து பரவலாக வழங்கிவருகிறது. படிப்பு யாரையும் திறமைசாலி ஆக்குவதில்லை, ஏற்கெனவே திறமை உள்ளவரைச் சுட்டிக்காட்டும் சீட்டு மட்டுமே அது என்று ஸ்பென்ஸ் நிறுவிவிட்டார் என்பது அக்கருத்து. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அரசு செய்யும் செலவு வீண் என்று வாதிடுவோருக்கு இது கைகொடுக்கிறது.

ஆய்வின் கணக்கைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் அந்த முடிவுக்கு அதில் இடமில்லை என்பது விளங்கும். ஸ்பென்ஸ் கண்டறிந்தது நம்பிக்கையைப் பற்றிய ஒன்று: சந்தையில் நிலவும் ஒரு நம்பிக்கை, தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டு, ஒருபோதும் முழுமையாகச் சோதிக்கப்படாமலேயே நிலைத்துவிடலாம். ஆய்வின் வலிமை அங்கே இருக்கிறது. அதன் குறை, படிப்பின் செலவைப் பற்றி அது செய்துகொள்ளும் அனுமானத்தில் இருக்கிறது. இக்கட்டுரை இவ்விரண்டையும் விளக்குகிறது.

ஆய்வாளரும் ஆய்வேடும்

ஆண்ட்ரூ மைக்கேல் ஸ்பென்ஸ் 1943இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார், கனடாவில் வளர்ந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் பயின்ற பிறகே பொருளியலுக்கு வந்தார். ஹார்வர்டில் கென்னத் ஆரோ, தாமஸ் ஷெல்லிங் ஆகியோரின் வழிகாட்டுதலில் ஆய்வை முடித்தபோது அவருக்கு 30 வயது நிறைந்திருக்கவில்லை. சிறந்த ஆய்வேட்டுக்காக ஹார்வர்டு வழங்கும் டேவிட் வெல்ஸ் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஆய்வின் சாரம் 1973இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ என்னும் இதழில் 20 பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை ‘மார்க்கெட் சிக்னலிங்’ என்ற தலைப்பில் நூலாக்கியது. 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை ஸ்பென்ஸ், ஜார்ஜ் அகெர்லாஃப், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டனர். ஒரு தரப்புக்குத் தெரிந்த தகவல் மறு தரப்புக்குத் தெரியாத சந்தைகளை ஆராய்ந்ததற்காக அப்பரிசு அளிக்கப்பட்டது.

பின்னணி

ஸ்பென்ஸுக்கு முன்பு கல்விக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை விளக்கியதில் முதன்மையானது மனித மூலதனக் கோட்பாடு. கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட ‘ஹியூமன் கேப்பிட்டல்’ என்னும் நூல் அதை விரிவாக முன்வைத்தது. படிப்பு ஒருவரின் உற்பத்தித்திறனை உயர்த்துகிறது. திறன் உயர்ந்ததால் கூலி உயர்கிறது என்பது அதன் சுருக்கம்.

மறுபுறம், அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு வேறொரு சிக்கலைக் காட்டினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரித் தரத்துக்கு ஏற்ற விலையையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார். நல்லவை விலக விலக, சந்தையில் மட்டமானவையே மிஞ்சும்.

நல்ல கார் வைத்திருப்பவர் கைகட்டி நிற்காமல், தன் கார் நல்லது என்று நம்பவைக்க ஏதேனும் செய்தால் என்ன ஆகும்? ஸ்பென்ஸின் ஆய்வு தொடங்கும் இடம் இதுவே. வெறும் வாய்ச்சொல் போதாது. மட்டமான கார் வைத்திருப்பவரும் அதே சொல்லைச் சொல்லிவிடுவார். போலியாகச் செய்ய முனைபவருக்குக் கட்டுப்படியாகாத செயலாக அது இருக்க வேண்டும். அத்தகைய செயலையே அவர் ‘சமிக்ஞை’ என்றார்.

மாதிரியின் அமைப்பு

ஸ்பென்ஸ் வேலைச் சந்தையில் இரண்டு பிரிவினர் இருப்பதாகக் கொள்கிறார். முதல் பிரிவினரின் உற்பத்தித்திறன் 1 அலகு. இரண்டாம் பிரிவினருடையது 2 அலகு. யார் எந்தப் பிரிவு என்பது அவரவருக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. படிப்பின் அளவை மட்டும் நிறுவனம் காண முடியும்.

படிப்புக்குச் செலவு உண்டு. பணம் மட்டுமல்லாமல் நேரமும் உழைப்பும் மனச்சோர்வும் அதில் சேரும். ஓர் அலகு படிக்க முதல் பிரிவினருக்கு ஆகும் செலவு 1. இரண்டாம் பிரிவினருக்கு அதில் பாதி. திறமை உள்ளவருக்குப் படிப்பு எளிதாக வரும் என்பது இதன் உட்பொருள்.

அடுத்து ஒரு முக்கியமான அனுமானம் வருகிறது. இந்த மாதிரியில் படிப்பு யாருடைய உற்பத்தித்திறனையும் கூட்டுவதில்லை. சமிக்ஞையின் விளைவை மட்டும் தனியே பிரித்துக் காண்பதற்காகச் செய்யப்பட்ட எளிமைப்படுத்தல் இது. இயற்பியல் பாடத்தில் உராய்வு இல்லை எனக் கொண்டு கணக்குப் போடுவதோடு இதை ஒப்பிடலாம். அந்தக் கணக்கைச் செய்த மாணவர் உலகில் உராய்வே கிடையாது என்று முடிவுகட்டினால் எப்படியோ, படிப்பால் பயனில்லை என்று ஸ்பென்ஸ் நிறுவினார் என்பதும் அப்படியே. கணக்கின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதை அதன் விடையாகப் படிக்கும் பிழை இது. 2001ஆம் ஆண்டின் நோபல் உரையில், படிப்பு உற்பத்தித்திறனை உயர்த்தும் நிலையையும் சேர்த்து ஸ்பென்ஸே தம் மாதிரியை விரித்துக் காட்டினார்.

நிறுவனம் ஏதோ ஒரு நம்பிக்கையோடு தொடங்குகிறது. அந்த நம்பிக்கைக்கு ஏற்பக் கூலி அறிவிக்கிறது. கூலியைப் பார்த்து மக்கள் எவ்வளவு படிப்பது என முடிவெடுக்கின்றனர். வேலைக்குச் சேர்ந்தவர்களின் உழைப்பைக் கண்டு நிறுவனம் தன் நம்பிக்கையைச் சரிபார்க்கிறது. கண்டது நம்பிக்கையோடு பொருந்தினால் மாற்றம் தேவைப்படுவதில்லை. சுழல் அப்படியே நிலைத்துவிடும். இதுவே ஸ்பென்ஸ் கூறும் சமநிலை.

ஒரே மக்கள், இரு வேறு உலகங்கள்

இந்தச் சுழலின் விளைவை ஒரு கணக்கால் காணலாம். 200 பேர் உள்ளனர். ஒவ்வொரு பிரிவிலும் 100 பேர். நிறுவனம் 1.5 அலகு படிப்பை வரம்பாகக் கொள்கிறது என வைத்துக்கொள்வோம்.

முதல் உலகில் நிறுவனத்தின் நம்பிக்கை இது: வரம்பை எட்டியவரின் திறன் 2, எட்டாதவரின் திறன் 1. கூலியும் அதன்படியே. இரண்டாம் பிரிவினர் வரம்பை எட்ட ஆகும் செலவு 0.75, கூலி 2 போக மிஞ்சுவது 1.25. எட்டாமல் இருந்தால் 1 மட்டுமே. ஆகவே அவர்கள் படிப்பார்கள். முதல் பிரிவினருக்குச் செலவு 1.5, மிஞ்சுவது 0.5. படிக்காமல் இருந்தாலோ 1 கிடைக்கும். ஆகவே அவர்கள் படிக்கமாட்டார்கள். நிறுவனம் எதிர்பார்த்தபடியே நடந்துவிட்டது. நம்பிக்கை மெய்யாயிற்று.

இரண்டாம் உலகில் நம்பிக்கை சற்று வேறு: வரம்பை எட்டியவரின் திறன் 2; எட்டாதவரில் இரு பிரிவினரும் பாதிக்குப் பாதி இருப்பார்கள், ஆகவே அவர்களின் சராசரித் திறன் 1.5. இப்போது படிக்காமல் இருந்தாலே 1.5 கூலி. வரம்பை எட்டினால் இரண்டாம் பிரிவினருக்கு மிஞ்சுவது 1.25 மட்டுமே. எனவே யாரும் படிக்கமாட்டார்கள். நிறுவனத்துக்குக் கிடைக்கும் 200 பேரின் சராசரித் திறனும் 1.5. இங்கும் நம்பிக்கை மெய்யாயிற்று. வரம்பை எட்டியவரைப் பற்றிய பாதி நம்பிக்கையைச் சோதிக்க ஒருவர்கூட வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு உலகிலும் மக்கள் அவர்களே, திறன் அதுவே, வரம்பும் அதுவே. மாறியது நம்பிக்கை ஒன்றுதான். முதல் உலகில் ஒரு பிரிவினருக்கு 1, மறு பிரிவினருக்கு 1.25. இரண்டாம் உலகில் எல்லாருக்கும் 1.5. படிக்கும் உலகில் திறமைசாலிகள் உட்பட எல்லாருமே நட்டமடைகின்றனர். நிறுவனங்களின் மொத்த உற்பத்தி இரண்டிலும் சமம். 100 பேர் படிப்புக்குச் செலவிட்ட 0.75 வீதம் மட்டும் கரைந்துபோயிற்று. திறமைசாலிகள் மிகக் குறைவாக இருந்தால் இந்த விடை மாறும். அப்போது சராசரிக் கூலி தாழ்ந்துவிடுவதால் தங்களைப் பிரித்துக் காட்டுவது அவர்களுக்கு ஆதாயமாகும். முதல் பிரிவினருக்கோ பிரிவினை எப்போதும் நட்டமே.

நியாயமான ஆசையோடு முடிவெடுக்கும் மனிதர்கள், பொய்யாகாத நம்பிக்கை, ஏமாற்றாத நிறுவனம் ஆகிய எல்லாம் சேர்ந்தும் அனைவருக்கும் கேடான நிலை உருவாகலாம் என்பதே இக்கணக்கு தரும் பாடம். தனிமனிதர் யாரும் தவறு செய்யாததால், இதைத் திருத்த வேண்டும் என்ற உந்துதலும் யாருக்கும் எழுவதில்லை.

சுட்டியும் சமிக்ஞையும்

விண்ணப்பதாரரிடம் நிறுவனம் காணும் அடையாளங்களை ஸ்பென்ஸ் இரண்டாகப் பிரிக்கிறார். மாற்றிக்கொள்ளக் கூடியவை சமிக்ஞைகள், படிப்பு அவ்வகை. மாற்ற முடியாதவை சுட்டிகள். பாலினமும் இனமும் அவ்வகை. பாலினத்துக்கும் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத சந்தையிலும், நிறுவனம் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எடைபோடத் தொடங்கினால் இரு பாலாரும் வெவ்வேறு சமநிலைகளில் சிக்கிக்கொள்ளலாம் என்று அவர் காட்டுகிறார். ஆய்வேட்டின் ஆழமான பகுதி இதுவெனலாம்.

மேற்கண்ட செலவுக் கணக்கின்படி 1க்கும் 2க்கும் இடைப்பட்ட எந்த வரம்பும் முதல் உலகத்தைப் போன்ற சமநிலையாக நிற்கும். ஆண்களுக்கு வரம்பு 1.1, பெண்களுக்கு 1.9 என அமைந்துவிட்டதாகக் கொள்வோம். திறமையுள்ள ஆணுக்குச் செலவு போக மிஞ்சுவது 1.45, அதே திறமையுள்ள பெண்ணுக்கு 1.05. நிறுவனத்தின் பதிவேட்டைப் புரட்டினால் 1.9 படித்த பெண்கள் 2 அலகு உழைத்திருப்பார்கள். படிக்காத பெண்கள் 1 அலகு உழைத்திருப்பார்கள். நம்பிக்கை சரி என்றே பதிவேடு சொல்லும். 1.2 படித்த ஒரு பெண் எப்படி உழைப்பார் என்பதை அந்த நிறுவனம் ஒருபோதும் அறியாது. அவ்வளவு படித்தும் கூலி 1தான் என்பதால் எந்தப் பெண்ணும் அந்த அளவில் நிற்கமாட்டார்.

வெறுப்போ வஞ்சனையோ இல்லாமலும் பாகுபாடு நிலைக்கும் என்பதை இவ்வளவு சிறிய கணக்கால் காட்டியது பெரிய சாதனை. “எங்கள் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறோம்” என்று நிறுவனம் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கும். அந்த அனுபவத்தை உருவாக்கியதே அவர்களின் நம்பிக்கை என்பதைத்தான் ஆய்வு வெளிப்படுத்துகிறது. படிப்பு வெறும் சீட்டு என்று மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியைத் தொடுவதில்லை.

செலவு பற்றிய அனுமானம்

ஆய்வின் கணக்கு முழுவதும் ஒரே தூணின் மேல் நிற்கிறது: திறமை கூடினால் படிப்பின் செலவு குறைய வேண்டும். அந்த உறவு இல்லையேல் படிப்பு சமிக்ஞையாகச் செயல்படாது என்பதை ஸ்பென்ஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் செலவைத் தீர்மானிப்பது திறமை மட்டுமா? கல்விக் கட்டணம், படிக்கும் காலத்தில் இழக்கும் கூலி, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது, பள்ளியின் தொலைவு, பாடம் நடக்கும் மொழி ஆகிய யாவும் செலவைக் கூட்டும் அல்லது குறைக்கும். இவற்றில் எதுவும் மாணவரின் திறமையைச் சார்ந்ததன்று.

முன் சொன்ன 200 பேரில் சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். திறமையுள்ள 100 பேரில் 25 பேர் வறுமையில் இருப்பவர்கள். அவர்களுக்குப் படிப்பின் செலவு பாதியாக இல்லாமல் முதல் பிரிவினருக்கு ஆகும் அளவே ஆகிறது. வரம்பு முன்போல் 1.5. வரம்பை எட்ட முயன்றால் இந்த 25 பேருக்கு மிஞ்சுவது 0.5 மட்டுமே. எனவே படிக்கமாட்டார்கள். இப்போது வரம்பை எட்டாதோர் 125 பேர். அவர்களில் 100 பேரின் திறன் 1, 25 பேரின் திறன் 2, மொத்தம் 150, சராசரி 1.2. நிறுவனம் அவர்களுக்கு 1.2 கூலி தரும். வசதியுள்ள 75 திறமைசாலிகளுக்கு வரம்பை எட்டினால் 1.25 மிஞ்சுவதால் அவர்கள் தொடர்ந்து படிப்பார்கள்.

இதுவும் அசையாத சமநிலைதான். எட்டியவர்கள் அனைவரும் 2 அலகு உழைக்கிறார்கள். எட்டாதோரின் சராசரி 1.2. எதிர்பார்த்தது எதுவும் பொய்க்கவில்லை. அந்த 25 பேரோ சராசரிக்குள் மறைந்துபோயினர். இங்கே படிப்பு திறமையை மட்டும் அறிவிக்கவில்லை. குடும்பத்தின் வசதியையும் சேர்த்து அறிவிக்கிறது. நிறுவனம் இரண்டையும் ஒன்றாகப் படித்துக்கொள்கிறது.

இந்தத் திசையில் மாதிரியை நீட்டுவதற்கு ஆய்வேட்டின் கருவிகளே போதும். ஆனால் எடுத்துக்காட்டாக நிலைத்துவிட்ட இரு பிரிவுக் கணக்கு வசதியின் பங்கைக் காட்டுவதில்லை. அதனால் அந்தக் கணக்கை மட்டும் கற்றுச் செல்பவர், படிக்காதவர் எல்லாம் திறமை குறைந்தவர் என்ற எண்ணத்தோடு வெளியேறும் வாய்ப்பு இருக்கிறது. கட்டணத்தைக் குறைப்பதும், உதவித்தொகை வழங்குவதும், பள்ளியை அருகில் கொண்டுவருவதும் சமிக்ஞையைத் தெளிவாக்கும் செயல்கள் என்பது இதன் மறுபக்கம். ஏழை மாணவரின் செலவு பாதியாகக் குறைந்தால், மறைந்திருந்த 25 பேரும் வெளியே தெரிவர். கல்வி சமிக்ஞை மட்டுமே என்று ஒப்புக்கொண்டாலும் பொதுக் கல்விச் செலவுக்கு நியாயம் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

பிற குறைகள்

சமநிலைகள் அளவுக்கு அதிகமாக இருப்பது இன்னொரு குறை. 1க்கும் 2க்கும் இடையில் எந்த வரம்பும் நிற்கும் என்றால், எது நிலவும் என்பதைக் கோட்பாட்டால் சொல்ல முடியாது. இன்-கூ சோ, டேவிட் கிரெப்ஸ் ஆகியோர் 1987இல் இதற்கு ஒரு தீர்வு முன்வைத்தனர். யாரும் எதிர்பாராத அளவு படித்த ஒருவர் வந்தால், அப்படிச் செய்வதால் யாருக்கு ஆதாயம் இருக்க முடியும் என்று நிறுவனம் சிந்திக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அந்த வழியில் சென்றால் மிகக் குறைந்த செலவில் பிரித்துக் காட்டும் சமநிலை ஒன்றே எஞ்சும். தர்க்கத்தில் இது அழகானது. ஆனால் பழகிப்போன எண்ணங்களோடு ஆள் எடுக்கும் அலுவலர் இப்படிச் சிந்திப்பாரா என்பது வேறு கேள்வி. ஸ்பென்ஸின் கணக்கில் இருந்த கசப்பான உண்மை, அதாவது வரலாற்றின் தற்செயலால் ஏற்பட்ட நம்பிக்கை நிலைத்துவிடுவது, இந்தத் திருத்தத்தில் மங்கிவிடுகிறது.

நிறுவனம் தனி ஆளைப் பற்றிக் கற்றுக்கொள்வதை எளிய மாதிரி கணக்கில் எடுக்காததும் குறையே. வேலைக்குச் சேர்ந்தவரின் திறமை நாளடைவில் தெரிந்துவிடும். அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஃபேபியன் லாங்கே 2007இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் நிறுவனங்கள் செய்யும் மதிப்பீட்டுப் பிழையில் பாதி மூன்று ஆண்டுகளில் நீங்கிவிடுவதாகக் கணித்தது. அப்படியானால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் கூலி வேறுபாட்டைச் சமிக்ஞையால் மட்டும் விளக்குவது கடினம். எனினும், வேலையே கிடைக்காதவரைப் பற்றி எந்த நிறுவனமும் கற்றுக்கொள்வதில்லை.

களச் சான்றுகள்

சமிக்ஞை உண்மையில் எவ்வளவு வலுவானது என்பதை அளக்கும் முயற்சிகள் இருவேறு விடைகளைத் தந்துள்ளன. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் ஜி.இ.டி. என்னும் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறலாம். தேர்ச்சி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்தது. ஆகவே ஒரே மதிப்பெண் எடுத்தவர் ஒரு மாநிலத்தில் தேறினார், இன்னொன்றில் தவறினார். டைலர், மர்னேன், வில்லெட் ஆகிய மூவரும் இதைப் பயன்படுத்தி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சான்றிதழ் பெற்ற வெள்ளையின இளைஞர்களின் வருமானம் 10 முதல் 19 விழுக்காடு உயர்ந்தது எனக் கண்டனர். சிறுபான்மை இனத்தவரிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை. ஒரே சான்றிதழ் இரு இனத்தவரிடம் இரு விதமாகப் படிக்கப்படலாம் என்ற ஸ்பென்ஸின் சுட்டிப் பகுதியை இது நினைவூட்டுகிறது.

கிளார்க், மார்ட்டோரெல் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வை எடுத்துக்கொண்டது. நூலிழையில் தேறியவரையும் நூலிழையில் தவறியவரையும் ஒப்பிட்டபோது, பட்டயத்தால் மட்டும் வருமானம் உயர்ந்ததற்கான சான்று ஏறத்தாழ இல்லை என்று தெரிந்தது.

படிப்பு சமிக்ஞையாக மட்டுமே இருக்க முடியாது என்பதற்கு வலுவான சான்று இந்திய வயல்களிலிருந்து வருகிறது. பசுமைப் புரட்சியின் தொடக்கக் காலத் தரவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசென்ஸ்வைக் ஆகியோர், புதிய விதைகளால் மாற்றம் வேகமாக நிகழ்ந்த பகுதிகளில் தொடக்கக் கல்வி பெற்ற உழவர்களுக்கு அக்கல்வியால் கிடைத்த ஆதாயமும் உயர்ந்தது என்று 1996இல் காட்டினர். சொந்த நிலத்தில் பயிரிடும் உழவர் தம் படிப்பை எந்த நிறுவனத்துக்கும் காட்டத் தேவையில்லை. உரத்தின் அளவையும் நீர் விடும் காலத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆற்றலே அங்கே பலன் தந்தது.

மதிப்பீடு

பிரயன் காப்லன் 2018இல் வெளியிட்ட ‘தி கேஸ் அகெயின்ஸ்ட் எஜுகேஷன்’ என்னும் நூல், அமெரிக்காவில் கல்வி தரும் கூலி உயர்வில் சுமார் 80 விழுக்காடு சமிக்ஞையே என மதிப்பிட்டு, கல்விக்கான அரசு உதவியைக் குறைக்க வேண்டும் என வாதிட்டது. அந்த விழுக்காடு விவாதத்துக்கு உரியது. ஆனால் அதை ஸ்பென்ஸின் ஆய்வேட்டிலிருந்து பெற முடியாது. ஆய்வேடு சமிக்ஞை எப்படி இயங்கும் என்பதை விளக்குகிறதேயன்றி, கல்வியில் எத்தனை பங்கு சமிக்ஞை என்று அளக்கவில்லை. மேலும், உதவியைக் குறைத்தால் ஏழை மாணவரின் செலவு உயரும். சமிக்ஞை மேலும் கலங்கும். அப்போது நிறுவனங்கள் திறமையைத் தேடி வசதியைத் தேர்ந்தெடுக்கும்.

மாணவர்கள் இந்த ஆய்வைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது பயன் தரும். கணக்கின் தொடக்கத்தில் எது அனுமானம், முடிவில் எது விடை? படிப்பின் செலவைத் தீர்மானிப்பது திறமையா, சூழலா? நிறுவனம் கொண்டிருக்கும் நம்பிக்கையில் எந்தப் பகுதி சோதிக்கப்பட்டது, எந்தப் பகுதியைச் சோதிக்க யாருமே வரவில்லை? முதல் கேள்வி ஆய்வைத் தவறாகப் படிப்பதைத் தடுக்கும். இரண்டாவது அதன் குறையைக் காட்டும். மூன்றாவது கேள்வியை ஆள் எடுக்கும் நிறுவனங்களும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சேர்க்கை வழங்கும் கல்லூரிகளும் இன்றும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம். அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் எழுதிய ஆய்வேடு இன்றும் படிக்கத் தக்கதாய் இருப்பதற்கு அந்த மூன்றாவது கேள்வியே காரணம்.